நாலாவது ட்ரொம்போன் கதிரை

"கறுப்பன்ரை மேளம், வெள்ளைக்காரன்ரை குழல். இதுக்குள்ளை எங்கடை பிள்ளைக்கு எங்கை கதிரை போடப் போறாங்கள்?"

பாரிசில், ரூ லூயி-பிளாங் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் மாமா சொன்னது இது. சொந்த மாமா இல்லை. மன்னாரில் அப்பாவோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர். எனக்கு அப்போது பதினான்கு வயது. அப்பாவின் தொலைபேசிக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. இசை வகுப்பு முடிந்து, ட்ரொம்போன் என்ற நீண்ட பித்தளைக் குழலின் பெட்டியோடு நேரே கடைக்குப் போயிருந்தேன். பெட்டி கதவில் இடித்து, மாட்டியிருந்த உறைகளில் நாலைந்து கீழே விழுந்தன.

"உதென்ன பிள்ளை, வீட்டுத் தண்ணிக் குழாயை முறிச்சுக்கொண்டு வந்திட்டியோ?" என்று தொடங்கியவர், நான் ஜாஸ் பழகுவதை அப்பா சொன்ன பிறகுதான் கதிரைக் கதைக்கு வந்தார். அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"போடுவாங்கள், மாமா. போடாட்டி நான் இழுத்துப் போட்டு இருப்பன்."

"அடேயப்பா," என்றார் மாமா. "வாய் நல்லா ஊதுது."

என் வாய்க்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்தது நான் மட்டும்தான். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத வரும். அம்மா இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது இடம்பெயர்ந்தவர். பிறகு அந்த வகுப்பு அவருக்குத் திரும்ப வரவேயில்லை. ஏழு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்தேன். வதிவிட அட்டைக்கான கடிதம், வீட்டு வாடகை உதவிக் கடிதம், அம்மா சுத்தம் செய்யும் ஹோட்டலிலிருந்து வரும் கடிதம். பாதி சொற்கள் விளங்காது. ஆனால் அம்மாவும் அப்பாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "விளங்குது" என்று முதலில் சொல்லிவிட்டு, அறைக்குள் போய் அகராதியில் தேடுவேன். "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வசதி எனக்கு அந்த வீட்டில் இருக்கவில்லை. பிறகு அது பழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு பெருமையாகவும் ஆகிவிட்டது.

ட்ரொம்போனை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எங்கள் ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்பு முழுவதற்கும் வாத்தியம் கொடுத்தார்கள். கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் முடிந்து, பாரமான பெட்டி ஒன்று மிஞ்சியது. "யாருக்கு இது முடியும்?" என்று கேட்டார்கள். கையைத் தூக்கினேன். இழுகுழாயின் கடைசி இடம் வரை என் கை எட்டவில்லை. எட்டும் என்றே சொன்னேன். எட்ட மூன்று வருடமாயிற்று.

அங்கிருந்து மாநகர இசைப்பள்ளி. அங்கே நான் கண்டுகொண்டது, எனக்கு வாசிக்க வரும் என்பதை. எந்தத் தாளை முன்னால் வைத்தாலும் முதல் தடவையிலேயே ஊதிவிடுவேன். மற்றவர்கள் வீட்டில் பியானோ வைத்திருந்தார்கள்; நான் கடிதம் வாசித்து வளர்ந்தவள். தாள் எனக்குப் பயமில்லை.

இருபத்து மூன்று வயதில், நூலகத்தில் பகுதிநேர வேலையில் இருந்தபோது, ஒரு ஜாஸ் குழு என்னைப் பதிலாளாகக் கூப்பிட்டது.

பதினெட்டுப் பேர். ஒவ்வொரு திங்கட்கிழமை மாலையும் மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒத்திகை. அவர்கள் வாசிப்பது ஒரே ஒரு மனிதரின் இசையை. ஜாஸ் குழல்களையும் கரிபியத் தீவுகளின் ஆப்பிரிக்க மேளங்களையும் ஒன்றாக வைத்து எழுதியவர். நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். அவர் அவற்றை 'இணைத்தார்' என்று யாராவது சொன்னால், எங்கள் குழுவை நடத்தும் பெண்மணிக்குக் கோபம் வரும். கரிபியத் தீவான மார்த்தினிக்கில் பிறந்தவர், கொங்கா மேளம் அடிப்பவர், பகலில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. "எதை இணைத்தார்? எல்லாம் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டு வெவ்வேறு துறைமுகத்தில் இறக்கப்பட்டவைதானே. அவர் அதுகளைத் திரும்பச் சந்திக்க விட்டார். அவ்வளவுதான்."

அந்த மேதையின் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று குழுக்கள் இருக்கின்றன. ஒன்று, அவர் வாழ்ந்த நகரத்தில், அவருக்குக் கீழே வாசித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நடத்துவது. இன்னொன்று, அவருடைய மேளக்காரர்கள் வந்த தீவில். மூன்றாவது நாங்கள். மற்ற இரண்டு குழுவும் எங்களைப் 'போட்டோகொப்பிக் குழு' என்று சொல்வதாகக் கேள்வி. பொய்யும் இல்லை. எங்களிடம் இருப்பது பிரதியின் பிரதியின் பிரதி. சில இடங்களில் சுரப்புள்ளி எது, எங்கோ என்றோ ஒருவர் சிந்திய கோப்பி எது என்று தெரியாது. வருகிற கோடையில் மூன்று குழுவும் முதல்முறையாக ஒரே மேடையில் வாசிக்கப் போவதாகப் பேச்சு வந்தது. மேடை பாரிசில். ஆனால் சொந்தக் கதிரை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இடம். பதிலாட்களுக்கு இல்லை.

எங்கள் வரிசையில் நாலாவது ட்ரொம்போனுக்குச் சொந்த ஆள் இல்லை. இரண்டு வருடமாக நான்தான் அதில் இருந்தேன். வசந்தத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் நிகழ்ச்சி. அது நல்லபடி முடிந்தால் கதிரை உன்னுடையது என்று நடத்துபவர் சொல்லிவிட்டார்.

அந்தக் கதிரைதான் எனக்கு வேண்டியிருந்தது. வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற மாதிரி இருக்கும் என்று.

இந்த இசையின் அடியில் ஐந்து அடிகள் ஓடுகின்றன. கிளாவே என்பார்கள். ஒன்றோடொன்று தட்டும் இரண்டு சின்னத் தடிகளுக்கும் அதுதான் பெயர், அவை எழுப்பும் தாளத்துக்கும் அதுதான் பெயர். ஒரு பாதியில் மூன்று அடி, மறு பாதியில் இரண்டு. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. தொடங்கினால் பாட்டு முடியும்வரை அது புரளாது. மற்ற எல்லாரும் அதற்குப் பொருந்தித்தான் வர வேண்டும். சில குழல் வரிகள் மூன்றடிப் பக்கத்தில் ஏறித் தொடங்க வேண்டும், சில இரண்டடிப் பக்கத்தில். பக்கம் மாறி ஏறினால், சுரம் சரியாக இருந்தாலும் எல்லாம் பிழை. மேலே போகும் நகரும் படியில் கீழே இறங்குகிற மாதிரி.

சேர்ந்த அன்றே நடத்துபவர் கேட்டார்: "கிளாவே தெரியுமா?"

"ஓம்" என்பதைப் பிரெஞ்சில் சொன்னேன். பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஏழு வருடம் சங்கீத வகுப்புக்குப் போனவள் நான். தொடையில் தட்டி, விரல் எண்ணி, வீசி, ஆதி தாளம் போடுவேன். எட்டு எண்ணிக்கை. கிளாவேயும் எட்டு எண்ணிக்கைதான். இதில் தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது?

ட்ரொம்போன் பிடித்திருக்கும்போது இரண்டு கையும் ஓய்வில்லை. சப்பாத்துக்குள் காற்பெருவிரலால் தாளம் போட்டேன். இரண்டு வருடமும் பிழை வரவில்லை.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது கிளாவேக்குக் குறுக்கே போனால், அடுத்த திங்கட்கிழமை அவர் தன் வாத்தியத்தைத் தொடக்கூடாது. கொங்காவுக்குப் பின்னால் ஒரு குட்டை முக்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து, ஒத்திகை முழுவதும் அந்த இரண்டு தடிகளையும் அடிக்க வேண்டும். மேதை தன் ஆட்களுக்குச் செய்தது என்கிறார்கள், உண்மையோ தெரியாது. நான் வந்த பிறகு இரண்டு பேருக்கு அது நேர்ந்தது. ஒரு சாக்ஸபோன்காரர், ஒரு ட்ரம்பெட்காரர். இருவருமே இசைப்பள்ளியில் படிப்பிக்கிறவர்கள். முக்காலியில் இருக்க இருவருமே வரவில்லை. அதற்குப் பிறகு எதற்கும் வரவில்லை. அவர்களைப் பற்றி நாங்கள் சிரித்திருக்கிறோம். நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தேன்.

என் பக்கத்தில் முதல் ட்ரொம்போன். குவாதலூப் தீவுக்காரர், கடிதம் விநியோகிப்பவர். அவருடைய தாள்கள் எல்லாம் பென்சில் கோடுகள். அம்புக்குறி, கண் படம், 'இங்கே தூங்காதே' என்று ஒரு வரி. அவருக்கு முன்பு அந்தத் தாளில் இருந்தவர்களின் பென்சிலும் அதில் இருந்தது. என் தாள்கள் சுத்தமாக இருந்தன. எனக்குப் பென்சில் தேவைப்படவில்லை. ஒரு நாள் அவர் என் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பா?" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் அவர் என்னிடம் வந்தார். தாய்க்குச் சுகமில்லை, குவாதலூப்புக்குப் போகிறேன், ஞாயிறு நீதான் முதல் ட்ரொம்போன் வரியை ஊத வேண்டும், உன் நாலாவது வரிக்கு அன்றைக்கு மட்டும் வேறொரு பதிலாள் வருவார் என்றார். "மூன்றாவது பாட்டில் மேளம் தனியாகப் போகிற இடம் இருக்கிறது, இல்லையா. அங்கிருந்து நாங்கள் ஏறுகிற இடத்தை ஒருதரம் தாளில்லாமல் செய்து பார்ப்போமா? ஐந்து நிமிடம்."

"தேவையில்லை," என்றேன். "எனக்குத் தெரியும்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு மண்டபத்துக்கு அம்மா, அப்பா, மாமா மூவரும் வந்திருந்தார்கள். அம்மா காலையில் மாதா கோயில் பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையை மாற்றாமல், மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முன்வரிசைக்கு முன்னால் ஆடுவதற்கு இடம் விட்டிருந்தார்கள். மாமா தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி மேடையோரம் வந்தார். வாத்தியத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, மண்டபமே கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னார்:

"சரி பிள்ளை, நான் தோத்தன்! போட்டிருக்கிறாங்கள் கதிரை! அதுவும் முதல் கதிரை!"

அந்த நிமிடத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பு நான் இருந்ததில்லை.

மூன்றாவது பாட்டு. குழல்கள் எல்லாம் ஓய்ந்து மேளம் மட்டும் போகும் இடம். அது எவ்வளவு நேரம் போகும் என்று தாளில் இருக்காது. நடத்துபவர் கொங்கா அடித்தபடியே ஒரு கையைத் தூக்குவார். கை விழும். அதற்குப் பிறகு ட்ரொம்போன்கள் ஏற வேண்டும்.

கை விழுந்தது. சங்கீத வகுப்பில் கை விழும் இடம்தான் தொடக்கம். கோயில் பாடற்குழுவிலும் அதுதான். தாளிலும் எங்கள் வரி, கோட்டின் தொடக்கத்திலேயே முதல் சுரத்தோடு நின்றது. ஏறினேன். எனக்குப் பின்னால், என்னை நம்பி, மற்ற மூவரும் ஏறினார்கள். ஒலி நன்றாக இருந்தது. உரத்து, உறுதியாக இருந்தது. எங்களைக் கேட்டு ட்ரம்பெட்டுகளும் எங்கள் பக்கம் வந்தன.

கை விழுவது மூன்றடிப் பக்கத்தின் தொடக்கம். அங்கே மூச்சு எடுக்க வேண்டும். இரண்டடிப் பக்கம் வரும்போதுதான் ஏற வேண்டும். இரண்டு வருடமும் நான் சரியாக ஏறியது என் பெருவிரலால் அல்ல. பக்கத்தில் கடிதக்காரர் மூக்கால் சத்தமாக மூச்சை இழுப்பார். அந்தச் சத்தத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாமல்.

முதலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு பெண் தன் காலைப் பார்த்தாள், பிழை தன்னுடையது என்று நினைத்து. மேளக்காரர்கள் புரளவில்லை, அவர்கள் புரள்வதில்லை. நடத்துபவர் என்னை ஒருதரம் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். பிறகு உள்ளங்கையைக் காட்டினார். குழல்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக நின்றது நான். மேளம் மட்டும் கொஞ்ச நேரம் போயிற்று. அவர் கை திரும்ப விழுந்த பிறகு ட்ரம்பெட்டுகள் சரியாக ஏறின. எங்களை அவர் கூப்பிடவில்லை. பாட்டு முடியும்வரை நாங்கள் நால்வரும் மடியில் ட்ரொம்போனை வைத்துக்கொண்டு, புகைப்படத்துக்கு இருக்கிறவர்கள் மாதிரி இருந்தோம்.

நிகழ்ச்சி முடிந்து பெட்டியை மூடும்போது நடத்துபவர் பக்கத்தில் வந்தார். "திங்கட்கிழமை வருவாயா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பொருள் எனக்குத் தெரியும். "பார்க்கிறேன்," என்றேன்.

வீட்டில் அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா மண்டப வாசலிலேயே "சோக்கா இருந்தது, எல்லாருக்கும் அனுப்பிப்போட்டன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. யாருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். அப்பா கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"பிள்ளை, அந்த மேளம் தனிய அடிச்ச இடத்திலை, நீங்கள் எல்லாரும் காலை மாத்தி வைச்சிட்டியள் என்ன?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊரிலை பைலாப் பாட்டுக்கு ஆடினவனுக்கு இது தெரியாதே? மேளம் ஒரு பக்கம் போகுது, நீங்கள் மற்றப் பக்கம் இழுக்கிறியள்."

"ஆடினவரோ?" என்றார் அம்மா. "விழுந்தவர் எண்டு சொல்லுங்கோ. கலியாண வீட்டிலை பந்தல் காலைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு விழுந்தவர்."

"விழுந்தாலும் சரியான பக்கம்தானப்பா விழுந்தனான்."

இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து அறைக்குப் போய்விட்டேன். கடிதம் வாசிக்கத் தெரியாத அப்பாவுக்கு அது கேட்டிருக்கிறது. அன்று அந்த நினைப்பை எடுத்துப் பார்க்கவே எனக்கு முடியவில்லை.

மாமாவின் வீடியோ என் தொலைபேசிக்கும் வந்திருந்தது. பல தடவை பார்த்தேன். அதில் கை விழுவதும் என் தோள் ஏறுவதும் தெரிகின்றன. தோளில் தயக்கமே இல்லை. எனக்குப் பின்னால் மூன்று தோள்கள், வாத்துக் குஞ்சுகள் மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக.

அந்தத் திங்கட்கிழமை நான் போகவில்லை. நூலகத்தில் வேலை கூட என்று செய்தி அனுப்பினேன். அடுத்த திங்களும் போகவில்லை. அதற்குச் செய்தியும் அனுப்பவில்லை. கடிதக்காரர் ஊரிலிருந்து திரும்பி ஒரு வரி எழுதியிருந்தார்: "முக்காலி காலியாக இருக்கிறது. எனக்கும் ஒருதரம் நேர்ந்தது, பத்து வருடத்துக்கு முன்பு." உண்மையா, ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பதில் எழுதவில்லை.

மூன்றாவது வாரம் குழுவின் செய்தி எல்லாருக்கும் வந்தது. நாலாவது ட்ரொம்போனுக்கு லியோனிலிருந்து ஒரு பெண் வந்துவிட்டார், அனைவரும் வரவேற்போம். கோடை மேடைக்கான பட்டியல் கீழே. பதினெட்டுப் பெயர். என் பெயரை அதில் இரண்டு தடவை தேடினேன், ஒரு பட்டியலை வாசிக்கத் தெரியாதவள் மாதிரி. கடைசியில் எனக்கு மட்டும் ஒரு வரி: நாலாவது ட்ரொம்போனின் தாள்கோப்பைத் திருப்பித் தரவும்.

அன்று பின்னேரம் கடையைக் கடந்தபோது மாமா உள்ளிருந்து கூப்பிட்டார். "பிள்ளை! கோடைக்குப் பெரிய மேடையாம், உன்ரை அப்பா சொன்னவர். லெ பிளாங்-மெனிலிலை இருந்து என்ரை தங்கச்சியாக்களும் வரப்போகினமாம். எத்தினை டிக்கெட் சொல்ல?"

"சொல்ல வேண்டாம், மாமா. நான் அதிலை இல்லை."

"ஏன், கதிரை?"

"வேறை ஆளுக்குப் போட்டாச்சு."

அவர் பழைய பகிடியைத் திரும்ப எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. மேசையில் கிடந்த ஒரு சார்ஜர் வயரைச் சுற்றத் தொடங்கினார். அவர் பகிடி விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன திங்கட்கிழமை தாள்கோப்பை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் வைத்துவிட்டுத் திரும்புவதுதான் எண்ணம். ட்ரொம்போனை வீட்டிலேயே விட்டிருந்தேன். கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டேன். கீழ்த்தளத்தில் யாரும் இல்லை. கதிரைகள் போட்டிருந்தன. நாலாவது கதிரையில் லியோன் பெண் விட்டுப்போயிருந்த கழுத்துத் துணி கிடந்தது, பச்சை நிறம். கதிரைக்கு முன்னால் இருந்த தாங்கியில் தாள்கோப்பை வைத்தேன்.

வைத்துவிட்டுத் திரும்பத் திறந்தேன். மூன்றாவது பாட்டு. என் சுத்தமான தாள். கோட்டின் தொடக்கத்தில் அந்த முதல் சுரம், எந்தத் துணையும் இல்லாமல், யாரையும் ஏமாற்றக்கூடியதாக நின்றது. அவளும் நன்றாக வாசிப்பாளாம். கடிதக்காரரின் தாங்கியிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தச் சுரத்துக்கு மேலே பிரெஞ்சில் எழுதினேன்: 'கை விழும்போது அல்ல. மூச்சு எடு. அதற்குப் பிறகு.' கீழே ஒரு சின்னக் கண்ணும் வரைந்தேன். எனக்குக் கண் வரைய வராது. அது மீன் மாதிரி வந்தது.

படியில் சத்தம் கேட்டது. நடத்துபவர் தோளில் மேளப் பையோடு உள்ளே வந்தார். என்னையும் என் வெறுங்கையையும் பார்த்தார். மேளத்தை உறையிலிருந்து எடுத்து நிறுத்தினார்.

"எனக்குக் கிளாவே தெரியாது," என்றேன்.

"அது எனக்குத் தெரியும்," என்றார். பிறகு, திருகுசாவியால் மேளத்தை இறுக்கியபடியே, "கதிரை இனி இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்," என்றார்.

"வாசித்தேன்."

ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் தலையசைத்தார்கள், சிலர் தங்கள் பெட்டிகளில் முகத்தை வைத்துக்கொண்டார்கள். பச்சைத் துணிக்காரி கோப்பைத் திறந்தாள், வாசித்தாள், யார் எழுதியது என்று சுற்றிப் பார்த்தாள். கடிதக்காரர் தன் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குள் நான் குட்டை முக்காலியைக் கொங்காவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு, தடிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.